டாம் அண்ட் ஜெர்ரி துரத்தல் கார்ட்டூன்கள் உருவான விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் 1940 முதல் 1958 வரை வெளியான 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களை இயக்கினார்கள். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது. பின்னாளில் அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடர்களையும் முழுநீளப் படங்களையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் படம் எது? அதில் பூனைக்கு வேறு பெயர் என்கிறார்களே?

ஆமாம். 1940 பிப்ரவரியில் வந்த 'புஸ் கெட்ஸ் த பூட்' தான் முதல் படம். அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலியைப் படத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ஓடும் நேரம் ஏறத்தாழ 9 நிமிடம். பிற்காலப் படங்கள் 7 நிமிடத்தை ஒட்டியவை என்பதால் இன்றைக்குப் பார்க்கும்போது இது கொஞ்சம் நிதானமாகவே நகரும்.

டைட்டிலில் ஹன்னா, பார்பெரா பெயர்களைத் தேடாதீர்கள், இருக்காது. தயாரிப்பு என்று ரூடால்ஃப் ஐசிங் பெயர் மட்டும்தான் வரும். அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைக்குப் போய், 'த மில்கி வே' என்ற இன்னொரு எம்.ஜி.எம். கார்ட்டூனிடம் தோற்றது. அதுவும் ஐசிங் படம்தான்.

டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் எப்படி வந்தன?

ஸ்டூடியோவுக்குள் பெயர் வைக்கும் போட்டி நடத்தினார்கள். அனிமேட்டர் ஜான் கார் எழுதிக் கொடுத்த பெயர் தேர்வானது, பரிசு 50 டாலர். 1941-இல் வந்த 'த மிட்நைட் ஸ்நாக்' முதல் இந்தப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன.

வான் பியூரன் ஸ்டூடியோ 1930-களின் தொடக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளை 'டாம் அண்ட் ஜெர்ரி' வேறு. அதில் வருவது உயரமான ஒருவனும் குள்ளமான ஒருவனும், இருவரும் மனிதர்கள். பார்பெரா அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, ஆனால் இரண்டும் வெவ்வேறு தொடர்கள்தான்.

பூனை எலியைத் துரத்துவது அப்போதே பழைய கதைதானே? ஸ்டூடியோ எப்படி ஒப்புக்கொண்டது?

முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கார்ட்டூன் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த ஃப்ரெட் குவிம்பிக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதல் படம் முடிந்ததும் ஹன்னாவும் பார்பெராவும் வேறு படங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரையும், டெக்சாஸில் திரையரங்கு வணிகத்தில் இருந்த பெசா ஷார்ட் 'அந்தப் பூனை எலிப் படம் இன்னும் வருமா' என்று கேட்டு எழுதிய கடிதமும் நிலைமையை மாற்றின.

கதை பழையது என்பது உண்மைதான். அதன்மேல் போட்ட நிபந்தனைதான் புதிது. முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்னும் ஒரு பொருள் உடைந்தால் உன்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று பணிப்பெண் பூனையை எச்சரிக்கிறாள். அதைக் கேட்ட எலி ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய் நிற்கிறது. அந்தக் கணத்திலிருந்து பூனைக்கு வேலை எலியைப் பிடிப்பது இல்லை, விழும் தட்டுகளைப் பிடிப்பது. எலி ஓடவே தேவையில்லை. நல்ல துரத்தல் படங்களில் எல்லாம் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும். சத்தம் போடக் கூடாது, நாயை எழுப்பக் கூடாது, 'த மில்லியன் டாலர் கேட்' (1944) படத்தில் எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமல் இருந்தால்தான் பத்து லட்சம் டாலர். நிபந்தனை இல்லாத படங்களும் உண்டு. அவற்றில் நகைச்சுவைத் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஆனால் ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடாது.

ஹன்னா, பார்பெரா இருவரில் யார் எதைச் செய்தார்கள்?

பார்பெரா கதையையும் துணுக்குகளையும் யோசித்து ஸ்டோரிபோர்டாக, அதாவது காட்சி வரிசையைக் காட்டும் சிறு ஓவியங்களாக வரைவார். மிக வேகமாக வரையக்கூடியவர், பாத்திரத்தின் முகபாவம் அந்தச் சிறு ஓவியத்திலேயே வந்துவிடும். ஹன்னா அதை வாங்கி நேரக் கணக்குப் போடுவார்: எந்தப் பார்வை எத்தனை பிரேம் (பிலிமில் ஒரு தனிப் படம்), எந்த அடி எந்தத் தாளத்தில் விழ வேண்டும். அனிமேட்டர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அவர்தான்.

படம் வரைந்தவர்கள் என்று பார்த்தால் இர்வன் ஸ்பென்ஸ், கென்னத் மியூஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன் ஆகியோரின் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். லேஅவுட் (காட்சியின் அமைப்பைத் திட்டமிடுவது) ஹார்வி ஐசன்பெர்க், பிறகு டிக் பிக்கன்பாக். பின்னணி ஓவியம் ராபர்ட் ஜென்ட்டில். டைட்டிலில் பெரிதாக இரண்டு பெயர்கள் வந்தாலும், டாமின் முகம் கோணுகிற விதத்தில் பாதி ஸ்பென்ஸின் கைவண்ணம் என்று சொன்னால் மிகையில்லை.

7 நிமிடப் படத்துக்கு எத்தனை ஓவியங்கள் வேண்டும்?

கணக்கு எளிது. சினிமா நொடிக்கு 24 பிரேம். 7 நிமிடம் 420 நொடி, ஆக 10,080 பிரேம். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம் என்பதால் நீளம் 630 அடி.

ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புது ஓவியம் போட்டால் அதை 'ஒன்ஸ்' என்பார்கள். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 'டூஸ்'. முழுப் படத்தையும் டூஸில் செய்தாலும் ஒரு பாத்திரத்துக்கு 5,040 ஓவியம். திரையில் இருவர் இருந்தால் அந்தக் காட்சிகளுக்கு அது இரட்டிப்பாகும். அசையாமல் நிற்கும் இடங்களும், ஓட்டம்போல் திரும்பத் திரும்பப் பயன்படும் சுழற்சிகளும்தான் எண்ணிக்கையைக் குறைக்கின்றன.

எல்லாவற்றையும் டூஸில் செய்து மிச்சப்படுத்தக் கூடாதா?

மெதுவான அசைவுக்குச் செய்யலாம், கண் கண்டுபிடிக்காது. துரத்தலில் முடியாது. கேமராவின் கீழ் பின்னணி ஒவ்வொரு பிரேமுக்கும் நகர்கிறது. அதன்மேல் பாத்திரம் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்றால், பூனை ஓடாமல் நடுங்குவதுபோல் தெரியும். பின்னணி நகரும் காட்சியில் பாத்திரம் ஒன்ஸில் இருந்தே ஆக வேண்டும்.

வரைவதற்கு முன்பே நேரத்தை எப்படி முடிவு செய்தார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஹன்னா பயன்படுத்தியது பார் ஷீட். இசைத்தாள்போல் கோடிட்ட தாள். தாளக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் எத்தனை பிரேம் என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். 12 பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு, சாதாரண நடை. 10 பிரேம் என்றால் 144. 8 பிரேம் என்றால் 180, இதுதான் துரத்தல். எந்த எண்ணானாலும் 1,440-ஐ (ஒரு நிமிடத்தின் பிரேம்கள்) அதனால் வகுத்தால் தாள வேகம் கிடைத்துவிடும்.

பார் ஷீட்டிலிருந்து கணக்கு எக்ஸ்போஷர் ஷீட்டுக்குப் போகும். அதில் பிரேமுக்கு ஒரு வரி. எந்த ஓவியம், எந்த அடுக்கில், எத்தனை பிரேம், பின்னணி எவ்வளவு நகர வேண்டும் என்று கேமராக்காரருக்கான கட்டளைகள் எல்லாம் அந்தத் தாளில். ஆகவே அனிமேட்டர் பென்சிலைத் தொடும்போது 'டாம் கதவில் மோதுவது 38-ஆவது பிரேமில்' என்பது முடிவான விஷயம். அவர் தேட வேண்டியது, அந்த 38 பிரேமுக்குள் எதை எப்படிக் காட்டுவது என்பதைத்தான்.

முக்கிய நிலைகளை மட்டும் வரைந்து, குறித்த நேரப்படி பிலிமில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் 'போஸ் ரீல்' முறையும் இருந்தது. நகைச்சுவை வேலை செய்யவில்லை என்றால் இங்கேயே தெரிந்துவிடும். முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் ஆயிரக்கணக்கான இடை ஓவியங்கள் வீணாகாது. பிற்பாடு தொலைக்காட்சிக்காக மலிவாகப் படம் எடுக்க வேண்டி வந்தபோது ஹன்னாவும் பார்பெராவும் கையில் எடுத்ததும் ஏறக்குறைய இதே போஸ் ரீல் முறையைத்தான்.

ஒரு வாணலி அடி திரையில் எத்தனை பிரேம்?

படத்துக்குப் படம் மாறும். பொதுவான அமைப்பு இது: ஓங்குவதற்கு 8 முதல் 12 பிரேம், வீச்சுக்கு 2 அல்லது 3 பிரேம், முகம் தட்டையாகும் ஓவியம் 1 அல்லது 2 பிரேம், அதன்பின் அதிர்வு 8 முதல் 12 பிரேம். ஓங்குவதற்கு இவ்வளவு, அடிக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஓங்கும்போது பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே 2 பிரேம் வீச்சு போதும். ஓங்கலைக் குறைத்தால் அடி விழுந்ததே தெரியாமல் போகும். வீச்சை 6 பிரேமாக நீட்டினால் அடி வெறும் தள்ளலாகிவிடும்.

தட்டையாகும் ஓவியத்தில் தொடக்கக்காரர்கள் செய்யும் பிழை: முகத்தை அகலமாக்குவார்கள், உயரத்தைக் குறைக்க மறந்துவிடுவார்கள். அப்போது முகம் நசுங்காது, பெரிதாகும். எவ்வளவு அகலம் கூடுகிறதோ அதற்கேற்ப உயரம் குறைந்து, மொத்தப் பருமன் மாறாமல் இருக்க வேண்டும். அதிர்வில் இரண்டு ஓவியங்களை மாற்றி மாற்றி ஒன்ஸில் காட்டி, அசைவின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள்.

சத்தம் படத்துக்கு முந்தக் கூடாது. 1 பிரேம் பிந்தினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 1 பிரேம் முந்தினால் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் படும்.

இதே கணக்குப் பித்து வார்னர் ஸ்டூடியோவிலும் இருந்தது. அங்கே இயக்குநராக இருந்த சக் ஜோன்ஸ், தன் ரோட் ரன்னர் படங்களில் வரும் கொயோட் (ஒரு வகைச் சிறு ஓநாய்) பள்ளத்தாக்கில் விழும் காட்சிக்கு வைத்திருந்த அளவு: அது புள்ளியாகி மறைய 18 பிரேம், அதன்பின் புழுதி எழ 14 பிரேம்.

ஓடும் காட்சியில் பின்னணி எப்படி நகர்கிறது? மேசையும் விளக்கும் திரும்பத் திரும்ப வருகிறதே!

நீளமான தாளில் சுவர், தரைவிரிப்பு, மேசைக்கால் என்று வரைந்து, தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்வார்கள். கேமராவின் கீழ் அந்தத் தாளைப் பிரேமுக்கு இவ்வளவு அங்குலம் என்று இழுப்பார்கள். முடிவு வந்ததும் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டால் வீடு முடிவில்லாமல் நீளும். 12 அங்குல அகலம் கேமராவில் தெரிகிறது என்று வையுங்கள். பிரேமுக்கு அரை அங்குலம் இழுத்தால் ஒரு நொடியில் ஒரு பொருள் திரையைக் கடந்துவிடும்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, தரையில் ஊன்றிய பாதம் பிரேமுக்குப் பிரேம் பின்னோக்கிப் போகும் தூரமும் தாள் நகரும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பூனை பனிக்கட்டிமேல் சறுக்குவதுபோல் இருக்கும். இரண்டு, வேலிக் கம்பிகள், மாடிப்படிக் கைப்பிடிகள் போன்ற சம இடைவெளிப் பொருட்கள். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலம், இழுவையும் அரை அங்குலம் என்றால் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு கம்பி இருந்த இடத்தில் அடுத்த கம்பி வந்து நிற்கும். வேலி அசையவே அசையாது. இழுவை இடைவெளியை விடச் சற்றுக் குறைந்திருந்தால் வேலி எதிர்த்திசையில் நகர்வதுபோலக்கூடத் தெரியும். இடைவெளியை மாற்று அல்லது வேகத்தை மாற்று, வேறு வழியில்லை.

செல் என்பது என்ன? நிறம் எப்படி ஏற்றினார்கள்?

ஒளி ஊடுருவும் தாள். பென்சில் ஓவியத்தின்மேல் அதை வைத்து முன்பக்கம் மையால் கோடு இழுப்பார்கள், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். அதனால்தான் முன்னால் பார்க்கும்போது தூரிகைத் தடம் தெரியாமல் நிறம் ஒரே சீராக இருக்கிறது. டாம் பாய்ந்து மறையும்போது வரும் புகைபோன்ற கீற்று, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் செல்மேல் நேரடியாக இழுத்தது.

செல் முழுக்கத் தெளிவானது அல்ல. அடுக்க அடுக்க அடியில் இருப்பது மங்கும். டாம் ஒரு செல், ஜெர்ரி ஒரு செல், கையில் இருக்கும் தட்டு ஒரு செல் என்று நான்கு அடுக்குக்குள் முடித்துக்கொள்வது வழக்கம். அடியடுக்கில் உள்ள சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகக் கலக்க வேண்டும். காட்சி நடுவில் ஜெர்ரி வெளியே ஓடிவிட்டால், அவன் இருந்த இடத்தில் வெற்று செல் ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அதை மறந்தால் அந்தப் பிரேமில் டாமும் பின்னணியும் திடீரென்று ஒரு பொட்டு வெளிச்சமாகிவிடும்.

டெக்னிகலர் வண்ண முறையில் எடுக்க மூன்று பிலிம் ஓடும் கேமரா வைத்திருந்தார்களா?

இல்லை, அது ஆட்கள் நடிக்கும் படங்களுக்கு. ஓவியம் அசையாமல் காத்திருக்கும் என்பதால் கார்ட்டூனுக்கு எளிய வழி இருந்தது. ஒரே கறுப்பு வெள்ளை நெகட்டிவில், ஒவ்வொரு பிரேமையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டி வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பார்கள். 10,080 பிரேமுக்கு 30,240 முறை ஷட்டர் திறக்க வேண்டும், நெகட்டிவ் நீளம் 1,890 அடி. மூன்று முறைக்கு நடுவே செல் இம்மி அசைந்தாலும் ஓரங்களில் நிறம் பிரியும். கண்ணாடித் தகடு ஒன்று செல்களை அழுத்திப் பிடித்திருப்பது அதற்காகவும்தான்.

இசை முதலிலா, படம் முதலிலா?

கணக்கு முதலில், படம் அடுத்து, இசை கடைசியில். இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி அதே பார் ஷீட்டை வைத்துக்கொண்டுதான் எழுதுவார். தாளத் தட்டு எங்கே விழுகிறது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், கடைசியில் ஒட்டிய இசையும் படத்தோடு கூடப் பிறந்ததுபோல் இருக்கிறது. 'த கேட் கான்செர்டோ' (1947) போன்ற படங்கள் விலக்கு. அதில் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சோடி முன்பே இருக்கும் இசை. விரல்கள் அதற்கேற்ப வரையப்பட்டன.

பிராட்லி வெறும் பாட்டுத் துண்டுகளை ஒட்டுகிறவர் அல்ல. 'புட்டின் ஆன் த டாக்' (1944) படத்தில் நாய்த் தலையை மாட்டிக்கொண்டு ஜெர்ரி ஓடும் காட்சிக்கு எதுவும் ஒட்டாமல் போக, இசையமைப்பாளர் ஷோன்பெர்க் வழிவந்த, பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையைப் பயன்படுத்தினார். கச்சேரி அரங்கில் பலர் எழுந்து போய்விடக்கூடிய அந்த இசையைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

டாமின் அலறல் யார் குரல்?

வில்லியம் ஹன்னாவின் குரல். அவர் அலறியதைப் பதிவு செய்து, குரல் ஏறும் தொடக்கத்தையும் இறங்கும் முடிவையும் வெட்டிவிட்டு, உச்சமான நடுப்பகுதியை மட்டும் வைத்தார்கள். உண்மையான அலறல் எதுவும் அப்படித் தொடங்கி அப்படி நிற்காது. கேட்டதும் சிரிப்பு வருவது அதனால்தான்.

பணிப்பெண் முகத்தைக் காட்டாதது ஏன்? அந்தப் பாத்திரம் பிறகு எங்கே போனது?

பூனை, எலியின் கண் உயரத்தில் கதை நடப்பதால் பெரும்பாலும் கால்களும் கையும் மட்டும் தெரியும். மேமி டூ ஷூஸ் என்ற அந்தப் பாத்திரத்துக்கு லில்லியன் ராண்டால்ஃப் குரல் கொடுத்தார். கறுப்பினப் பெண்களைக் கேலிச்சித்திரமாக்குகிறது என்று அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. 1952-க்குப் பிறகு அவள் வரவில்லை. தொலைக்காட்சிக்காக 1960-களில் சில படங்களில் அவளுக்குப் பதிலாக வெள்ளையினப் பாத்திரத்தை வரைந்து சேர்த்தார்கள், குரலையும் மாற்றினார்கள். வெடி வெடித்ததும் முகம் கருகி அதே கேலிச்சித்திரம்போல் ஆகும் துணுக்குகளில் பலவும் இதே காரணத்தால் தொலைக்காட்சியில் வெட்டப்பட்டன. எதிர்ப்பு நியாயமானது. அதே சமயம், முதல் படத்தின் நிபந்தனையை விதிப்பவளே அவள்தான் என்பதால், அவளை வெட்டினால் கதை நிற்காது.

எத்தனை ஆஸ்கர்?

ஏழு. 'த யாங்கி டூடுல் மவுஸ்', 'மவுஸ் ட்ரபிள்', 'கொயட் ப்ளீஸ்!', 'த கேட் கான்செர்டோ', 'த லிட்டில் ஆர்ஃபன்', 'த டூ மவுஸ்கிடீர்ஸ்', 'யோஹான் மவுஸ்'. ஏழு விருதுகளையும் மேடையேறி வாங்கியவர் தயாரிப்பாளர் குவிம்பி.

1940-இல் இருந்த டாமும் 1950-களின் டாமும் ஏன் இவ்வளவு வேறு?

முதல் படத்து ஜாஸ்பர் உடம்பெல்லாம் மயிர்க்குஞ்சம், முகமெல்லாம் சுருக்கம், நாலு காலில் நடக்கும் நிஜப் பூனை. ஒவ்வொரு குஞ்சமும் ஆயிரக்கணக்கான ஓவியங்களில் திரும்ப வரையப்பட வேண்டும், செல்லில் மையால் இழுக்கப்பட வேண்டும். வேகம் கூடக் கூட அந்தக் கோடுகள் திரையில் சலசலக்கவும் செய்யும். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு கோடு குறைந்தது, டாம் இரண்டு காலில் நிமிர்ந்தான். 1954 முதல் அகலத்திரை சினிமாஸ்கோப் வந்ததும் பின்னணியும் எளிமையாகி, தட்டை நிறங்களாக மாறியது. 1940-களின் நடுப்பகுதிதான் பொற்காலம்: கோடு குறைந்துவிட்டது, பணம் இன்னும் குறையவில்லை.

ஏன் நிறுத்தினார்கள்?

பழைய படத்தைத் திரும்ப வெளியிட்டாலே புதிய படத்தின் வருமானத்தில் சுமார் 90 சதவீதம் வருகிறது என்று கணக்குப் பிரிவு கண்டது. 1957-இல் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டார்கள். கையிருப்பில் இருந்தவை 1958 வரை வெளியாயின. பிறகு இயக்குநர் ஜீன் டைச் 1961–62-இல் பிராகில் 13 படங்கள் எடுத்தார், படம் ஒன்றுக்குச் சுமார் 10,000 டாலரில். 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்கள். டைச் படங்களைத் திட்டுகிறவர்கள் அந்தத் தொகையையும் நினைவில் வைப்பது நல்லது.

20 நொடித் துரத்தல் ஒன்றை நாமே வரைந்து பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

480 பிரேம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 180-இல் வையுங்கள், 8 பிரேமுக்கு ஒரு தட்டு, மொத்தம் 60 தட்டு. ஓவியம் இல்லாமல் அந்த 60 தட்டுக்கும் எதிரே நடப்பதை எழுதுங்கள். அடி எங்கே, நிற்பது எங்கே. குறைந்தது 8 தட்டாவது யாரும் ஓடாமல் இருக்கட்டும், தொடர்ந்து ஓடினால் வேகம் தெரியாது. பிறகு 15 முதல் 20 முக்கிய நிலைகளை மட்டும் வரைந்து, குறித்த பிரேம்களில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த நிலையிலேயே சிரிப்பு வரவில்லை என்றால் இடை ஓவியம் காப்பாற்றாது; எண்களை மாற்றுங்கள். ஓட்டச் சுழற்சிக்கு 8 ஓவியம் போதும், ஒன்ஸில், இரண்டு காலடிக்கும் சேர்த்து. அப்போது தட்டுக்கு ஒரு சுழற்சி என்று தாளத்தோடு தானே பொருந்திவிடும்.

பழைய படங்களைப் பிரேம் பிரேமாகப் பார்க்கும்போது ஒரே ஓவியம் 2 பிரேமுக்குப் பதில் 3 பிரேம் வருகிறதே?

அது ஸ்டூடியோவின் கணக்கு அல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சி முறை நொடிக்கு ஏறத்தாழ 30 பிரேம் என்பதால் 24-ஐ நீட்டச் சில பிரேம்கள் இரட்டிக்கப்படும். இந்தியத் தொலைக்காட்சியின் 25 பிரேம் முறையில் இரட்டிப்பு பெரும்பாலும் இல்லை, படமே சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். டைமிங் படிக்க 24 பிரேமில் உள்ள பிரதியை எடுங்கள். சினிமாஸ்கோப் படங்களில் இருபுறமும் வெட்டிய பிரதிகளும் சுற்றுகின்றன. ஜெர்ரி திரைக்கு வெளியிலிருந்து தாக்குவதுபோல் தெரிந்தால், அகலத்திரைப் பிரதியில் அவன் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான்.